போர்வெல் தண்ணீரில் ஷூ துவைக்கிறவர்களுக்கு

ஷூவைத் தேய்ப்பது பெரிய வேலையே இல்லை, அதை அலசிக் காய வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சென்னைப் புறநகரில் போர் தண்ணீரை வைத்துக்கொண்டு சில வருஷமாக மூன்று விதமான ஷூக்களை வீட்டிலேயே கழுவி வருகிறேன்: வாக்கிங் போகிற கறுப்பு மெஷ் ஷூ, ஆபீஸுக்கு வெள்ளை ஸ்னீக்கர் (லெதர் என்று சொல்லி விற்றார்கள், ரெக்ஸின்தான்), பையனின் வெள்ளை கேன்வாஸ். இதில் அதிகம் படுத்துவது கேன்வாஸ்தான்.

பையன் கிரவுண்டிலிருந்து செம்மண்ணோடு வந்தால் ஈரமாக இருக்கும்போது தொடவே மாட்டேன். ஈரத்தில் தேய்த்தால் மண் நூலுக்குள் இன்னும் இறங்கிவிடும். நன்றாகக் காயவிட்டு, இரண்டு ஷூவையும் அடியோடு அடி தட்டி, காய்ந்த பிரஷால் உதிர்த்தாலே பாதிக்கு மேல் போய்விடும். மிச்சமிருக்கும் சிவப்பு இரும்பு ஆக்சைடு, பிளீச்சிங் பவுடர் போட்டால் போகாது, சில நேரம் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு தடவி ஊறவிட்டால் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

அப்புறம் சோப்பு. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் என்பதால் பார் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிந்து துணியில் ஒட்டிக்கொள்ளும், கறுப்பு மெஷ்ஷில் சாம்பல் பூத்த மாதிரி தெரிவது அதுதான். பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு ஸ்பூன், அரை வாளி தண்ணீர், பழைய டூத்பிரஷ், இது போதும். லேஸையும் இன்சோலையும் (உள்ளே பாதம் படுகிற அட்டை) கழற்றித் தனியாகத் துவைக்க வேண்டும், நாற்றம் பெரும்பாலும் இன்சோலில்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள், வெந்நீரும் வேண்டாம், சோல் ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். வாஷிங் மெஷினில் போடாததற்கும் அதுதான் காரணம். பேக்கிங் சோடாவையும் வினிகரையும் கலந்து பொங்க வைக்கிற வீடியோக்கள் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர், அது எங்கள் குழாயிலேயே வருகிறது.

வெள்ளை கேன்வாஸ் காய்ந்ததும் ரப்பர் ஓரமாக மஞ்சள் கோடு விழுகிறதே, அது பெரும்பாலும் போகாத அழுக்கு இல்லை, சரியாக அலசாததால் தங்கிய சோப்புதான். ஈரம் கடைசியாகக் காய்கிற இடத்துக்கு அதுவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நுரை அடங்கும் வரை அலசிவிட்டு, கடைசியாக ஒரு மக் கேன் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டு ஊற்றுகிறேன். பிறகு ஈரத்தோடு வெள்ளை டிஷ்யூ பேப்பரை மேலே சுருக்கமில்லாமல் ஒட்டி நிழலில் வைத்தால், காய்ந்து உரிக்கும்போது அந்த மஞ்சள் கோடு அப்படியே பேப்பரில் வந்திருக்கும், துணி பளிச்சென்று இருக்கும். கடையில் விற்கும் வெள்ளை பாலிஷ் இதற்குப் பதில் ஆகாது, ஒரு மழையில் கரைந்து சாக்ஸுக்கு வந்துவிடுகிறது.

சோலின் பக்கவாட்டுக் கறைக்கு வெள்ளை டூத்பேஸ்ட் பரவாயில்லை (ஜெல் வேண்டாம்), ஆனால் மெலமைன் ஸ்பாஞ்ச் (கறை தேய்க்க விற்கிற வெள்ளை நுரைக்கட்டி) அதைவிட நன்றாக எடுக்கும். ஒன்று மட்டும், அந்த ஸ்பாஞ்ச் உண்மையில் நைஸான உப்புத்தாள், ரெக்ஸின் மேல் தேய்த்தால் பளபளப்பு போய்விடும். ஆன்லைனில் ஒரு ஷூ கிளீனர் ஃபோமும் வாங்கிப் பார்த்தேன். ரெக்ஸினை நன்றாகத்தான் துடைத்தது, ஆனால் ஈரத்துணியில் துளி லிக்விட் தொட்டுத் துடைத்தாலும் அதேதான் வருகிறது என்பதால் பாட்டில் தீர்ந்ததும் மறுபடி வாங்கவில்லை.

மொட்டை மாடி வெயிலில் ஷூவைக் காய வைப்பதை விட்டுவிட்டேன், ரப்பர் மஞ்சளாகிறது. ஃபேனுக்கு அடியில்தான். உள்ளே நியூஸ்பேப்பர் திணித்தால் வெள்ளைத் துணியில் மை ஏறுகிறது, கிழிந்த பனியனைத் திணித்து, அது ஈரமானதும் மாற்றுவது மேல். ஐப்பசி, கார்த்திகை மழையில் முழுசாகக் கழுவுவதே இல்லை, மேலாகத் துடைத்து இன்சோலை மட்டும் துவைக்கிறேன். திங்கட்கிழமைக்குள் காய்ந்தே ஆக வேண்டுமென்றால் ஹேர் டிரையர், அதுவும் குளிர்ந்த காற்றில்.