தொலேதோ பிரபுக்கள் ஆவணக் காப்பகமும் பாரெஸ் இணையதளமும்: ஒரு பத்திர எழுத்தரின் மதிப்புரை

அவிலா புனித தெரேசம்மாளின் தாத்தா யூத வம்சத்தில் வந்த கிறிஸ்தவர். எலத்தகிரியில் பிறந்து, ஞாயிறு மறைக்கல்வியில் அந்தப் புனிதரின் கதையைக் கேட்டே வளர்ந்த எனக்கு, இது தலை நரைத்த பிறகுதான் தெரிந்தது. எங்களுக்குச் சொல்லித்தந்ததெல்லாம் 'உயர்குடியில் பிறந்தவர்' என்பது மட்டும்தான். அந்த உயர்குடி எப்படி வந்தது என்று காட்டியது ஒரு வழக்குக் கட்டு. தாத்தா ஹுவான் சாஞ்செஸ், ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரத்துத் துணி வியாபாரி. பழைய மதத்தை ரகசியமாகக் கடைப்பிடித்தார் என்று 1485இல் மத விசாரணை மன்றம் தண்டித்தது. அவமான அங்கியோடு வெள்ளிக்கிழமைதோறும் கோயில் கோயிலாக நடந்தார். பிறகு குடும்பம் அவிலாவுக்குப் போனது. 1519இல் அவருடைய மகன்கள், 'நாங்கள் பிரபு வகுப்பு, எங்களுக்கு வரி இல்லை' என்று வழக்காடினார்கள். வல்லதோலித் நீதிமன்றக் காப்பகத்தில் கிடந்த அந்த வழக்கு 1946இல்தான் அச்சில் வந்தது. புனிதர் பட்டம் 1622இல் கொடுத்தாயிற்று. தாத்தாவின் கதை வெளியே வர அதற்கு மேலும் முந்நூறு ஆண்டுகள் ஆயின.

நான் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பத்திர எழுத்தராக இருந்தவன். மனிதர்கள் வாயால் மறைப்பதைப் பத்திரம் சொல்லிவிடும் என்பது தொழிலில் பழகிய விஷயம். அதனால் இந்தக் கதையைப் படித்ததும் மூலக் காகிதத்தைப் பார்க்க ஆசை வந்தது. அப்படித்தான் பாரெஸ் தளத்துக்குள் போனேன். ஸ்பெயின் பண்பாட்டு அமைச்சகம் 2007இல் தொடங்கிய இணையவாசல் அது. அந்நாட்டு அரசுக் காப்பகங்களின் பட்டியல்களையும், படம் எடுத்த ஆவணங்களையும் அங்கே வீட்டிலிருந்தே பார்க்கலாம். காசு கிடையாது. பார்ப்பதற்குப் பெயர் பதிவு செய்யவும் வேண்டாம். கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய குத்தகைச் சீட்டைப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. இதற்காகவே அந்த அரசுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இந்த மதிப்புரை முழுத் தளத்தைப் பற்றியது இல்லை. அதில் ஒரு பகுதி, தொலேதோவில் இருக்கும் பிரபுக்கள் வரலாற்றுக் காப்பகம். யூதர்களாக இருந்து மதம் மாறியவர்களை அங்கே கொன்வெர்சோ என்பார்கள். அவர்களைத் தேட அது எப்படி உதவுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், பிரபு வீட்டுக் காகிதத்தில் ஏன் தேட வேண்டும்? கொன்வெர்சோ என்றதும் எல்லோரும் மத விசாரணைக் கோப்புகளைத்தான் தேடுகிறார்கள். அங்கே பயந்துபோன மனிதர்கள் பேசுகிறார்கள், பகையாளி சாட்சி சொல்கிறான். வேலைக்காரி யார் யூதர் வழக்கப்படி வெள்ளிக்கிழமை விளக்கேற்றினார்கள் என்கிறாள். பிரபு வீட்டுக் கணக்குப்பிள்ளைக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை. யார் எவ்வளவு குத்தகை கட்டினான், எந்த வீடு யார் பேரில் இருக்கிறது, அடுத்த வீடு யாருடையது, இவ்வளவுதான் அவனுக்கு வேண்டும். மதம் மாறியவர் அங்கே குத்தகைதாரராக, கடன் கொடுத்தவராக, பெண்ணுக்குச் சீர் செய்த தகப்பனாக வருகிறார். ஒரு மனிதரின் வாழ்க்கை இதில்தான் அதிகம் தெரிகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது காரணம், அவர்கள் ஒதுங்கிய இடமே பிரபுக்களின் நிலம்தான். 1391இல் செவில்லியாவில் யூதர்களுக்கு எதிராகத் தொடங்கிய கலவரம் ஊர் ஊராகப் பரவி, ஆயிரக்கணக்கான யூதர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதற்கு இரண்டு தலைமுறை கழித்து, 1449இல் தொலேதோவில் பத்து லட்சம் மரவேதி (அந்தக் காலத்து ஸ்பெயின் நாணயம்) வரி கேட்டபோது, கூட்டம் முதலில் கொளுத்தியது அலோன்சோ கோத்தா என்ற கொன்வெர்சோ வியாபாரியின் வீட்டை. அதே வருடம் அந்த நகரம், மதம் மாறியவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் நகரப் பதவி இல்லை என்று விதி எழுதியது. 1473இல் கோர்தோபாவில் கொன்வெர்சோக்கள் மீது அடி விழுந்ததும் அவர்களில் ஒரு கூட்டம் மெதினா சிதோனியா கோமகனிடம் பேசி 1474இல் ஜிப்ரால்டரில் குடியேறியது. 1476இல் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டது. 1481 ஜனவரி 2ஆம் தேதி செவில்லியா விசாரணையாளர்கள் காதிஸ் கோமானுக்கும் மற்றப் பிரபுக்களுக்கும் ஓர் உத்தரவு அனுப்பினார்கள்: உங்கள் நிலத்தில் வந்து ஒளிந்திருப்பவர்களைப் பதினைந்து நாளில் பிடித்து ஒப்படையுங்கள். ஓடியவர்கள் எங்கே ஓடினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மூன்றாவது காரணம் எங்கள் தொழில்காரர்களுக்கு உடனே புரியும். தொலேதோ அடங்கிய கஸ்தில்யா அரசில் பத்திரம் எழுதுபவர்கள் ஒவ்வொரு பத்திரத்துக்கும் பதிவுப் புத்தகம் வைத்தே ஆக வேண்டும் என்று இசபெல் அரசி ஆணை போட்டது 1503இல். அதற்கு முந்தைய பத்திர எழுத்தர் பதிவேடுகள் அங்கே மிகக் குறைவு. ஆனால் கொன்வெர்சோ கதையின் உயிரான காலம் 1391க்கும் 1503க்கும் நடுவில் இருக்கிறது! எழுதியவரின் பதிவேடு போய்விட்டாலும், நிலம் வைத்திருந்த குடும்பம் தாய்ப்பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. நிலம் கைமாறினால் காகிதமும் கூடவே மாறும். அந்தப் பெட்டிகள்தான் இப்போது தொலேதோவில் இருக்கின்றன.

காப்பகம் 1993இல் உருவானது. இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பத் தொகுப்புகள் உள்ளன. இடம், கர்தினால் தவேரா கட்டத் தொடங்கிய பழைய மருத்துவமனை. அந்தத் தவேரா 1539 முதல் 1545 வரை மத விசாரணையின் தலைவராக இருந்தவர். அவருக்கு அடுத்து தொலேதோ பேராயரான சிலிசேயோதான், யூத ரத்தம் உள்ளவருக்குப் பேராலயத்தில் பதவி இல்லை என்று 1547இல் சட்டம் கொண்டுவந்தவர். விசாரணைத் தலைவர் கட்டிய கட்டிடத்திலேயே இன்று அந்த மக்களின் பெயர்கள் பத்திரமாக இருப்பதை நினைத்தால் எனக்கு மனம் நிறைகிறது.

தேடுவது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். பெயரைத் தட்டித் தேடும் எளிய வழி ஒன்று. தொகுப்புகளை மரக்கிளை மாதிரி விரித்துக்கொண்டே உள்ளே போகும் வழி இன்னொன்று. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஓசுனா கோமகன் குடும்பத்தின் தொகுப்பை விரித்தால் ஆர்கோஸ், பெஹார், பெனவெந்தே, இன்ஃபன்தாதோ, காந்தியா என்று மற்றப் பெரிய வீடுகளும் அதற்குள்ளேயே இருக்கும். கல்யாணத்திலும் வாரிசுரிமையிலும் ஒன்றுக்குள் ஒன்று சேர்ந்தவை. மேலே சொன்ன காதிஸ் கோமானின் பொன்செ தெ லியோன் குடும்பம், ஆர்கோஸ் வீட்டில் வரும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் தொகுப்பின் பெயர், பெட்டி எண், ஆவண எண் என்று முகவரி உண்டு. குறித்து வைத்துக்கொண்டால் எப்போது வேண்டுமானாலும் அதே காகிதத்துக்குத் திரும்பலாம். படம் உள்ளவற்றை மட்டும் காட்டு என்று வடிகட்டலாம், ஆண்டு வரம்பும் போடலாம்.

இனி நான் மிகவும் ரசித்த விஷயத்துக்கு வருகிறேன். 1492 மார்ச் 31இல், மதம் மாறாத யூதர்கள் ஜூலை முடிவதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று ஆணை வந்தது. தங்கம், வெள்ளி, நாணயம் எடுத்துப் போகக் கூடாது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை என்ன ஆகும்? ஒரு வீட்டுக்கு ஒரு கழுதை, ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கொஞ்சம் துணி என்று அந்தக் காலத்துப் பாதிரியார் ஆந்திரேஸ் பெர்னால்தெஸ் எழுதினார். பிறகு அதே ஆண்டு நவம்பர் 10இல் இன்னொரு அரச ஆணை: ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பி வருபவர், தான் விற்ற சொத்தை விற்ற விலைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரு பத்திர எழுத்தராக இதை யோசித்துப் பாருங்கள். 1492 கோடையில் ஒரு கிரயம், யூதப் பெயரில். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதே வீடு, அதே செக்குபந்தி, அதே விலை, வாங்குபவர் பெயர் மட்டும் கிறிஸ்தவப் பெயர். கிழக்கே யார் வீடு, மேற்கே எந்தத் தெரு என்று நான்கெல்லை ஒத்துப்போனால், இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று பிடித்துவிடலாம்.

நம் ஊரில் 'சின்னப்பன் என்கிற அந்தோணிசாமி' என்று எழுதுகிறோம் இல்லையா? ஸ்பெயினின் இன்னொரு பழைய அரசான அரகோன் பக்கத்துப் பத்திரங்களில் 1391க்குப் பிறகு அதே வழக்கம் உண்டு. புதுப் பெயரை எழுதி, முன்பு இன்ன பெயரில் அழைக்கப்பட்ட யூதர் என்று சேர்த்துவிடுவார்கள். அந்த ஒரு வரியால் இரண்டு குடும்ப மரங்கள் சேர்ந்துவிடும். என் பாட்டிக்கும் இரண்டு பெயர்கள். கோயில் பதிவேட்டில் ஒன்று, நிலப் பத்திரத்தில் இன்னொன்று. மதம் மாறிய குடும்பத்துக்கு முன்கதையே இல்லை என்பது போலப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கும். முன்கதை காகிதத்தில் இருக்கிறது.

பெரிய இடத்துக்கு ஏறிய குடும்பங்களும் உண்டு. செகோவியாவின் தியேகோ ஆரியாஸ் தாவிலா, நான்காம் என்ரிக்கே அரசரின் தலைமைக் கணக்காளர், கொன்வெர்சோ. இறந்து பல வருடம் கழித்தும் அவர் மீது விசாரணை நடந்தது. அவர் ஹீப்ரு ஜெபங்களைப் பாடினார் என்று சாட்சிகள் சொன்னார்கள். பெற்றோர் பெயரைக் காப்பாற்ற ரோமுக்குப் போன மகன், செகோவியா ஆயர் ஹுவான் ஆரியாஸ், 1497இல் அங்கேயே இறந்தார். பேரன் பெத்ராரியாஸ் 1519இல் பனாமா நகரத்தை நிறுவினார். 1523இல் குடும்பத்துக்குப் புன்யோன்ரோஸ்த்ரோ கோமான் பட்டம் கிடைத்தது. கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்து பிரபு மாளிகை வரை எழுபது, எண்பது வருடம்.

தடைகளையும் சொல்லியாக வேண்டும். எல்லா ஆவணத்துக்கும் படம் இல்லை. பலவற்றுக்கு இரண்டு மூன்று வரி விவரம்தான். தளத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் பொத்தான்கள்தான் மாறும், ஆவண விவரம் ஸ்பானிஷிலேயே இருக்கும். அதனால் கொன்வெர்சோ, ஹுதியோ (யூதர்), ஹுதெரியா (யூதர் குடியிருப்பு), சென்ஸோ (நில வாரம்) போன்ற சொற்களையாவது அவர்கள் எழுதும் விதத்தில் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து இன்னும் கஷ்டம். 15ஆம் நூற்றாண்டின் கொர்தெசானா எழுத்தையாவது பழகிவிடலாம். அடுத்து வரும் புரோசெசால் எழுத்தில் பேனாவைத் தூக்காமலே வரி முழுக்கச் சுழித்திருப்பார்கள். "சித்தப்பா, இதை ஸ்பெயின்காரங்களே படிக்க முடியாம முழிப்பாங்க" என்றாள் ஓசூரில் கணினி வேலை பார்க்கும் என் அண்ணன் மகள். அவள்தான் பழைய கையெழுத்தைப் படிக்கும் திரான்ஸ்க்ரிபுஸ் மென்பொருளைக் காட்டித்தந்தாள். அது தரும் பிழையான வரிகூட, எந்த இடத்தில் பெயர் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் போதும்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: எல்லாப் பிரபுக்களின் காகிதமும் தொலேதோவில் இல்லை. ஜிப்ரால்டர் கதைக்கான மெதினா சிதோனியா ஆவணங்கள் சான்லூக்கார் தெ பர்ரமேதாவில் அந்தக் குடும்பத்தின் அரண்மனையிலேயே, தனி அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கின்றன. தெரேசம்மாளின் குடும்ப வழக்கு வல்லதோலித்தில். அந்தக் காப்பகத்துக்குப் பாரெஸ் வழியாகவே போகலாம்.

காசு வாங்கும் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பெயின் 2015இல், வெளியேற்றப்பட்ட யூதர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தரும் சட்டம் கொண்டுவந்தது. 2019 அக்டோபர் வரை விண்ணப்பம் வாங்கினார்கள். அந்தச் சமயத்தில் குடும்பப் பெயர்ப் பட்டியல்கள் கிளம்பின. ஒரு தனியார் தளத்தில் பணம் கட்டினேன். கிடைத்தது ஊர்ப் பெயரில் முடியும் குடும்பப் பெயரெல்லாம் யூதப் பெயர் என்று சொல்லும் ஒரு தாள். ஊர்ப் பெயர் யாருக்கும் இருக்கும். தர்மபுரி என்று முன்னெழுத்து வைத்தவரெல்லாம் ஒரே வம்சமா? சான்று என்றால் ஆள், சொத்து, தேதி மூன்றும் வேண்டும். அது இலவசத் தளத்தில்தான் இருக்கிறது.

நம் பாகலூர், சூளகிரி, பேரிகைப் பாளையங்களின் கணக்குக் கட்டுகளும் இப்படி ஒரே வாசலில் திறந்தால் எத்தனை குடும்பங்களின் முன்கதை கிடைக்கும் என்ற ஏக்கம் இதைப் பார்க்கும்போதெல்லாம் வருகிறது.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. புதிதாகத் தொடங்குபவர்கள் ஓசுனா தொகுப்பில் ஆர்கோஸ், பெஹார் வீடுகளைத் திறந்து, 1480 முதல் 1500 வரை ஆண்டு வரம்பு போட்டு, கிரயப் பத்திரங்களை முதலில் எடுங்கள். உயில், சீர்வரிசைப் பத்திரம் அதற்கு அடுத்து. படம் இல்லாத ஆவணத்துக்கு அதன் முகவரியைக் குறிப்பிட்டுக் காப்பகத்துக்கு எழுதினால் கட்டணத்துக்கு நகல் தருகிறார்கள். கடிதத்தை ஸ்பானிஷில் எழுதுங்கள்.