இரு பிள்ளைகள், இரு பாடத்திட்டங்கள்: பதினோராண்டு அனுபவம்

கீழக்கரையைச் சேர்ந்த நாங்கள் துபாயில் வசித்த காலத்தில் மகளைக் கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்திலும் மகனை ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) பாடத்திட்டத்திலும் படிக்க வைத்தோம். பள்ளியின் கட்டணத்தையும் கட்டடத்தையும் விசாரித்த அளவுக்கு, பிள்ளை பதினெட்டு வயதில் எந்த நாட்டில் என்ன படிக்கப் போகிறது என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

மகளுக்கு மருத்துவத்தில் நாட்டம். நீட் எழுத, மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றுடன் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவுக்கு இணையான ஐ.பி. டிப்ளமாவின் ஆறு பாடங்களில் ஐந்தை வெவ்வேறு தொகுதிகளிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதால், வழக்கமான முறையில் இம்மூன்று அறிவியல் பாடங்களும் ஒருசேர அமைவதில்லை. அதற்குத் தனி அனுமதி வேண்டும். கேம்பிரிட்ஜின் மேல்நிலைப் படிப்பான ஏ லெவலில் அந்தத் தடை இல்லை. ஆனால் அங்கே மூன்று அறிவியலோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் ஆங்கிலத்தை விட்டுவிடும் ஆபத்து உண்டு.

எங்களுக்கு வந்த சிக்கலோ வேறு. கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு நிலையான ஐ.ஜி.சி.எஸ்.இ. முடித்ததும் மகளை ஊருக்கு அழைத்து வந்து, இராமநாதபுரத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் சேர்க்க எண்ணினோம். மே, ஜூனில் எழுதிய தேர்வுக்கு ஆகஸ்டில்தான் முடிவு வரும். இங்கோ ஜூனிலேயே வகுப்பு தொடங்கிவிடும். முடிவும், அந்தப் படிப்பு இங்குள்ள பத்தாம் வகுப்புக்கு நிகரானது என்னும் இணைச் சான்றிதழும் இல்லாமல் சேர்க்க இயலாது என்று ஒரு பள்ளி மறுத்தது. மற்றொரு பள்ளி தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டதால்தான் அந்த ஆண்டு வீணாகவில்லை. இந்திய மையங்களுக்கு மட்டும் மார்ச்சிலும் தேர்வு நடக்கிறது என்பதும், அதன் முடிவு மே மாதமே வந்துவிடும் என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஊர் திரும்பும் எண்ணமுள்ளவர்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே இதைக் கணக்கிட வேண்டுகிறேன்.

இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.ஜி.சி.எஸ்.இ. கணிதத்தில் கோர், எக்ஸ்டெண்டட் என இரு நிலைகள் உள்ளன. கோர் எழுதும் பிள்ளைக்கு, எவ்வளவு திறமையாக எழுதினாலும், சி தரத்துக்கு மேல் கிடைக்காது. மகளைக் கோரில் வைத்திருந்ததை ஓராண்டு கழித்தே அறிந்து, மன்றாடி மாற்றினோம்.

மகனுக்கு ஐ.பி. பொருந்தியது. அதில் எழுத வேண்டிய, நாலாயிரம் சொல் வரையிலான ஆய்வுக் கட்டுரைக்கு அவன் பெரியபட்டினம் கரையில் ஒதுங்கும் கடற்புல்லை எடுத்துக்கொண்டான். படிப்பில் அவ்வளவு ஈடுபாட்டை அதற்கு முன் நான் அவனிடம் கண்டதில்லை.

தமிழை மட்டும் இருவரின் பள்ளியிலும் கற்பிக்கவில்லை. கச்சான் காற்று வீசும் ஜூலை விடுமுறைகளில் பாட்டி உம்மம்மாதான் மகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்தார். பிளஸ் ஒன்னில் மொழிப்பாடமாக அரபியை எடுக்க வழி இருந்தும் அவள் தமிழையே எடுத்தாள். காலாண்டுத் தேர்வில் தவறினாள். அரையாண்டில் தேறி, விடைத்தாளை முதலில் உம்மம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.