தங்கமா, லிப்பிடா: முதல் சொந்த ஆய்வுக்கு எந்த நானோ துகள்?

சொந்தப் பெயரில் முதல் ஆய்வு நிதி கிடைத்தபோது என் முன்னால் நின்ற கேள்வி இது. இரண்டு வருட நிதி, உதவிக்கு ஒரே ஒரு மாணவர். ஆறு மாதம் லிப்பிட் துகள்களோடு, அதாவது கொழுப்பாலான மிகச் சிறிய துகள்களோடு, மல்லுக்கட்டிவிட்டுத் தங்கத்துக்கு மாறினேன். மாறியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

லிப்பிடின் பெருமையை நீட்டி முழக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1995-ல் ஒப்புதல் பெற்ற புற்றுநோய் மருந்து டாக்சில், 2018-ல் அரிய நரம்பு நோய்க்கான ஆன்பாட்ரோ, பிறகு கொரோனாவுக்கான எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள் என்று நோயாளிவரை போய்ச் சேர்ந்த பாதை அது. தங்கத்துக்கு அந்த வரிசை கிடையாது. உடம்பில் சிதையாமல் கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுவது பெரிய தடை. அதன் பலம் நோயறிதலில். கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு பல சமயம் தங்க நானோ துகள்தான்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. செய்தது கெட்டுப்போனால், அது எத்தனை நாளில் தெரிகிறது?

லிப்பிடில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். துகளின் அளவு 82 நானோமீட்டர், ஆர்என்ஏ (எந்தப் புரதத்தைச் செய்வதென்று செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு) உள்ளே அடைபட்ட அளவு 90 சதவீதத்துக்கு மேல். அளவீடுகளில் ஒரு குறையும் இல்லை. செல்களில் விட்டால் புரதமே உருவாகவில்லை. செல்களைச் சந்தேகித்தோம், ஆர்என்ஏவைச் சந்தேகித்தோம், ஐந்து வாரம் போனது. கடைசியில் புதிய லிப்பிட் குப்பியைத் திறந்ததும் எல்லாம் வேலை செய்தது. பழைய குப்பியை அடிக்கடி திறந்து மூடியதில் ஆர்என்ஏவைப் பிடித்துவைக்கும் அயனியாகும் லிப்பிட் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்க வேண்டும். அப்படி உண்டாகும் ஆல்டிஹைடுகள் என்ற சேர்மங்கள் எம்ஆர்என்ஏவோடு பிணைந்து, செல் அதைப் படிக்க முடியாதபடி செய்துவிடும். வெளியே பார்த்தால் துகள் கச்சிதமாகவே இருக்கும்.

தங்கம் ஒளித்து வைக்காது. வேதியியலாளர் டர்கெவிச் 1951-ல் விவரித்த முறைப்படி, கொதிக்கும் குளோரோஆரிக் அமிலக் கரைசலில் (தங்கம் கரைந்திருக்கும் கரைசல்) சிட்ரேட்டை ஊற்றினால் வெளிர்மஞ்சள் மறையும், கருநீலம் ஓடும், சில நிமிடங்களில் மாணிக்கச் சிவப்பு வந்து நிற்கும். அடுத்து, தேடும் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடியைத் துகள்கள் மேல் போர்த்திவிட்டு உப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். போர்த்தியது போதுமானால் சிவப்பு அப்படியே இருக்கும்; போதாவிட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணெதிரே ஊதாவாகும். ஒரு நாள் காலை ஆறு குழாய்களில் ஆறு பிஎச் (அமில-காரத்தன்மை) அளவுகளைப் போட்டோம். இரண்டு ஊதாவாயின. மத்தியானமே மற்ற நான்கோடு அடுத்த வேலையைத் தொடங்கிவிட்டோம். நாளை எண்ணி வேலை செய்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தங்கத்திலும் பாடு உண்டு. கண்ணாடிப் பாத்திரங்களை, தங்கத்தையே கரைக்கும் அமிலக் கலவையான இராஜ திராவகத்தில் கழுவ வேண்டும், அதற்குத் தனிக் கவனம் வேண்டும். கரைசலைத் தவறிப்போய் உறைய வைத்தால் துகள்கள் திரண்டுவிடும், பிறகு மீட்க முடியாது. இரத்த சீரத்தில் போட்டதும் புரதங்கள் மேலே படிந்து பழைய கணக்கையெல்லாம் மாற்றிவிடும். இந்தச் சிக்கல் லிப்பிடுக்கும் உண்டு.

இரண்டையுமே நான் விலங்குச் சோதனைவரை கொண்டுபோனதில்லை. அங்கே எது கைகொடுக்கும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஆறு மாத லிப்பிட் அனுபவமும் சின்னதுதான். உங்கள் குறி மருந்தைச் செல்லுக்குள் கொண்டுபோவதுதான் என்றால் தங்கத்தின் பக்கம் வராதீர்கள். லிப்பிடை அன்றாடம் கையாளும் ஆய்வகம் ஒன்றில் முதலில் கொஞ்ச காலம் இருங்கள். குப்பியை எப்படித் திறக்கிறார்கள், மந்த வாயு நிரப்பி எப்படி மூடுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.