ஷோகி லீக்: ஜுனிசெனா, மூன்றாம் டான் லீக்கா?

ஷோகி எனும் ஜப்பானியச் சதுரங்கத்தில் பதவி உயர்வுப் போட்டியைத் தொடர்ந்து பார்க்க ஆசை, எதைப் பிடிப்பது என்று குழம்புபவர்களுக்கு.

காலம்: ஜுனிசென் (தொழில்முறை வீரர்களின் தரவரிசை லீக்) ஜூன் முதல் மார்ச் வரை. மூன்றாம் டான் லீக் (டான் என்பது தர நிலை; தொழில்முறைக்குள் நுழையப் பயிற்சி வீரர்கள் மோதுவது) அரையாண்டில் 18 ஆட்டங்கள்.

ஆட்ட நேரம்: ஜுனிசெனில் ஆளுக்கு 6 மணி நேரம், நள்ளிரவைத் தாண்டுவது சகஜம். மற்றதில் 90 நிமிடம்தான், ஒரே நாளில் இரண்டு ஆட்டம்.

பதற்றம்: ஜுனிசெனில் மேல் பிரிவுக்கு உயரும் போட்டியில் புள்ளி சமமானால் வரிசை எண்ணில் முந்தியவருக்கே வாய்ப்பு. 2018-19 பருவத்தின் சி1 பிரிவில் (ஐந்து பிரிவுகளில் மேலிருந்து நான்காவது) ஃபுஜி சோட்டா 9-1 (9 வெற்றி, 1 தோல்வி) எடுத்தும் தேறவில்லை. அதே 9-1 எடுத்து மேலே போனவர்களில் ஒருவர் அவருடைய குரு சுகிமோட்டோ! சிஷ்யன் பின்னால் 2023-இல் ஜுனிசெனின் உச்சப் பட்டமான மெய்ஜின் ஆனது வேறு கதை.

மூன்றாம் டானில் முதல் இருவருக்கு மட்டுமே தொழில்முறைக் கதவு நேரடியாகத் திறக்கும். வயது வரம்பு 26, சில விலக்குகள் உண்டு. அதற்குள் தேறாவிட்டால் வேறு பிழைப்பு தேட வேண்டியதுதான்.

ஆட்டங்களை நகர்வு நகர்வாக ரசிக்க ஜுனிசென். புள்ளிப்பட்டியலைப் பார்த்தே நெஞ்சு படபடக்க வேண்டுமென்றால் மூன்றாம் டான். எனக்கு முதலாவது.