பழைய டீசல் பிக்கப்: பம்ப் தங்கம், அந்த அடி நட்டுதான் சனியன்

என் பழைய பிக்கப்பில் இன்ஜினுக்கு டீசலைப் பீய்ச்சுகிற பம்பில் சீல் போய் டீசல் கசிந்ததால் அதைக் கழற்றி, அளவு சரியாக வருகிறதா என்று கேலிப்ரேஷன் பார்த்து, மறுபடி மாட்டியாயிற்று. வேலை முடிந்து சில வாரம் ஓடிவிட்டது, கோபம் மட்டும் இறங்கவில்லை. எழுத்தில் காரம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பிஎஸ்-4 புகை விதிக்கு முந்தியது. நாலு சிலிண்டர், ரோட்டரி பம்ப். போஷ் விஇ வகைதான், ஆனால் நம்ம ஊர் ஷெட்டுகளில் இன்னமும் அதற்கு மைகோ பம்ப் என்றுதான் பெயர். அணைக்கட்டுப் பக்கமிருந்து வேலூர் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மளிகை, இறங்கும்போது புளியும் சாமையும். இதுதான் வண்டிக்குப் பிழைப்பு.

பம்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. டீசலை நிறுத்துகிற சோலனாய்டுக்கு ஒரு ஒயர் போகிறது, மற்றதெல்லாம் இரும்பு. உள்ளே டீசலைத் தள்ளுகிற தண்டு, அதாவது பிளஞ்சர், ஒன்றே ஒன்று. அது சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய், 1-3-4-2 என்று வரிசை தப்பாமல் நாலு சிலிண்டருக்கும் டீசலைப் பங்கு வைக்கும். இன்ஜின் வேகம் ஏற ஏற உள்ளே அழுத்தமும் ஏறி, ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளி டைமிங்கை, அதாவது டீசல் பீய்ச்சும் நேரத்தை, தானாகவே அட்வான்ஸ் செய்து முன்னால் கொண்டுவரும். கம்ப்யூட்டர் கிடையாது. அதற்குத் தனியாக ஆயிலும் கிடையாது, டீசலே ஆயில். தண்ணீர் கலந்த டீசலை ஊற்றாதவரை வருஷக்கணக்காக உழைக்கும்.

ஆனால் இவ்வளவும் ஒழுங்காக நடக்க, பம்ப் இன்ஜினில் சரியான இடத்தில் உட்கார வேண்டும். அங்கேதான் வம்பு. நட்டுகளைத் தளர்த்திப் பம்பையே லேசாகத் திருப்பித்தான் டைமிங் வைக்க வேண்டும். பம்பின் ஷாஃப்ட் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிடார்ட், அதாவது டீசல் தாமதமாக வரும். இன்ஜினின் முக்கியத் தண்டான கிராங்க் இரண்டு சுற்று வந்தால்தான் பம்ப் ஒரு சுற்று வரும். ஆக, பம்பில் ஒரு டிகிரி அசைந்தால் கிராங்க் கணக்கில் இரண்டு டிகிரி.

முதலில் மாட்டியவர் டைமிங்கைச் சத்தம் கேட்டுக் காதாலேயே வைத்தார். “டயல் கேஜ் போட்டுப் பார்க்கலாமே பாய்” என்றேன்; நூலளவு அசைவையும் முள்ளால் காட்டும் கருவி அது. “இன்னாத்துக்கு சார்? ஐட்லிங் கேளு, தேனா கீது” என்றார். உண்மைதான், அவ்வளவு இதமான ஐட்லிங்கை இந்த வண்டியில் நான் கேட்டதே இல்லை. சிக்கலே அதில்தான். டைமிங் ரிடார்ட் ஆனால் டீசல் இன்ஜினில் அந்தக் கடகடச் சத்தம் அடங்கும். சத்தம் குறைந்தால் ஓனர் சிரித்த முகமாகப் பணத்தை எண்ணிக் கொடுப்பார். மலை ஏறும்போதுதான் தெரியும். மூன்றாவது கியரில் எடுத்த வளைவெல்லாம் இரண்டாவதுக்கு வந்தது. டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தெரு முழுக்க வெள்ளைப் புகை, எதிர்வீட்டு அம்மா மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். லோடு இல்லாமல் நிற்கிற இன்ஜினைக் கேட்டு லோடு வண்டிக்கு டைமிங் வைப்பது என்ன கணக்கு?

அப்புறம் ராணிப்பேட்டைப் பக்கம் கேஜ் வைத்திருக்கிற ஒரு பெரியவரிடம் போனேன். பம்பின் பின்பக்கம், நாலு பைப்புகளுக்கும் நடுவில் ஒரு பிளக் இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு அங்கே கேஜை மாட்டினார். இன்ஜினைப் பின்பக்கமாகத் திருப்பி, முள் இறங்கி நின்ற இடத்தில் சைபர் வைத்தார். பிறகு இன்ஜின் ஓடுகிற திசையிலேயே மெதுவாகத் திருப்பி முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் டாப் குறிக்குக் கொண்டுவந்தார். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் இழுக்கக் கூடாதாம், கியர் பல்லில் இருக்கிற லூஸ் கணக்கைக் கெடுத்துவிடும். நன்றாகப் பின்னால் போய் மறுபடி வர வேண்டும். பிளஞ்சர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதுதான் கேஜ் காட்டும் அளவு. இது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், பக்கத்து வண்டிக்காரர் சொன்னதை வைத்தால் கோவிந்தா. என் வண்டியில் மேனுவலில் இருப்பதைவிடக் கால் மில்லிமீட்டர் குறைவு, அதாவது ரிடார்ட். தேனுக்கு இதுதான் விலை.

இனி அந்த நட்டு. பம்புக்கும் பிளாக்குக்கும் இடையில், கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சாதாரண ஸ்பேனர் போகாது. பெரியவர் ஒரு ரிங் ஸ்பேனரைச் சூடாக்கி வளைத்து, கைப்பிடியில் பாதியை அறுத்து வைத்திருந்தார். அதை வைத்தும் ஒரு தடவைக்கு நூலளவுதான் திரும்புகிறது. அளவு சரியாக வந்த பிறகு அந்த நட்டை இறுக்கினால் பம்ப் துளி நகர்கிறது, முள் மாறிவிடுகிறது. தளர்த்து, திருப்பு, இறுக்கு, மறுபடி பார். இன்ஜினை வரைந்த புண்ணியவான் ஒரு தடவையாவது தன் கையை அங்கே விட்டுப் பார்த்திருப்பாரா? பெரியவருக்கு விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தமே வந்துவிட்டது. நான் கேட்காமலே கூலியில் கூட்டிக் கொடுத்தேன்.

கடைசியில் பைப்புகளை இறுக்கி, ஃபில்டர் மேலிருக்கிற ஹேண்ட் பம்பை அமுக்கி ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்தால், பழைய கடகட திரும்பிவிட்டது. அன்றைக்கு அதுதான் எனக்கு நாதஸ்வரம். மலையில் மறுபடி மூன்றாவது கியர், முள் பாதியைத் தாண்டவில்லை, வெள்ளைப் புகையும் நின்றது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது முறையில்லைதான். என் மச்சான் ஒருத்தர் இதே மாதிரி பழைய வண்டிக்கு விலை பேசுகிறார். வாங்காதீர்கள் என்றேன். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் காமன் ரெயில், அதாவது எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே அழுத்தக் குழாய். அதில் பம்பின் வேலை அழுத்தம் கொடுப்பதோடு சரி, எப்போது டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், யாரும் காதைத் தீட்ட வேண்டியதில்லை. பழுதானால் செலவு கூரையைப் பிய்க்கும் என்பது தெரியும். இருந்தாலும் பம்பைக் கழற்றி மாட்டியவர் கேஜ் இல்லாதவர் என்றால், இந்தத் தங்கமான பம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? “அப்ப உன் வண்டியைக் குடு, நானே வச்சிக்கிறேன்” என்றார். தரமாட்டேன் என்றேன். அவருக்குக் கோபம்.

அப்படியும் வாங்கியே தீருவேன் என்றால், காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பார்க்கட்டும். பம்பை இன்ஜினோடு பூட்டுகிற ஃப்ளேன்ஜிலும் எதிரே இன்ஜின் கவரிலும் கோடு கிழித்திருந்தால், இரண்டும் நேருக்கு நேர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். விலகியிருந்து, ஐட்லிங்கும் தேனாக இருந்தால், பம்ப் வேலைக்கான காசைக் கழித்துக்கொண்டு விலை கேட்கலாம்.