காரைக்குடிக்காரனும் வேளச்சேரி மாலும்: 12 ஆண்டுப் பழக்கம்

பல்லவன் ரயிலில் தாம்பரத்தில் இறங்கி, மேடவாக்கம் வழியாக மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வேளச்சேரி பீனிக்ஸ் மார்க்கெட்சிட்டிக்கும் ஒரு நடை போய்விடுவேன். 2013 ஜனவரியில் திறந்தார்கள். அந்தக் கோடையிலேயே ஆத்தாவை அழைத்துப் போனேன். ஆத்தங்குடிக் கல்லில் நடந்து பழகிய கால் அவருடையது. உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் அழுத்திப் பார்த்தார். "பளபளப்பு கல்லுடையது, குளிர்ச்சி ஏசியுடையது" என்றார். அதைவிடச் சரியான மதிப்புரையை நான் இதுவரை படித்ததில்லை.

இந்த வணிக வளாகத்தைக் கட்டிய பீனிக்ஸ் மில்ஸ், 1905-இல் மும்பையில் பருத்தி ஆலையாகத் தொடங்கிய நிறுவனம். ஆலைக் காலம் முடிந்ததும் லோயர் பரேல் வளாகத்தையே கடைகளாக மாற்றினார்கள். பிறகு பெங்களூரு, புணே என்று நகரின் ஓரங்களைத் தேடிப் போனார்கள். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் போனபின் ஆலை, சினிமா என்று தொழிலை மாற்றிக்கொண்டவர்களின் ஊர் எங்களுடையது. எனக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. வேளச்சேரியைத் தேர்ந்ததிலும் கணக்கு இருக்கிறது. 2007-இலேயே பறக்கும் ரயில் அங்கே வந்துவிட்டது. ஓ.எம்.ஆர். ஐ.டி. சம்பளமும் எட்டும் தூரம்தான்.

முதல் சில ஆண்டுகள் எங்களுக்கு அது துணியெடுக்கும் இடம். லக்ஸ் திரையரங்கு வந்தபின் படம் பார்க்கும் இடமாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரித் தெருக்களே ஏரியாகிக் கிடந்தன. அந்த முறை பயணத்தையே ரத்து செய்தோம். 2020-இல் கொரோனாவுக்காக மூடிய மால்கள் செப்டம்பர் 1-ஆம் தேதி திறந்தன. அதற்குப்பின் நான் போவது வார நாட்களில் காலை பதினொரு மணிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மாலை போகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

2018-இல் பக்கத்திலேயே பல்லேடியம் என்ற ஆடம்பரப் பகுதி சேர்ந்தது. அங்கே ஒரு கைப்பையின் விலைச்சீட்டைத் தேடினேன். உள்ளறைக்குள் மடித்துச் செருகியிருந்தது. படித்துவிட்டு, இருந்த மடிப்பிலேயே திரும்ப வைத்தேன். ஐயா காலத்தில் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் கப்பலேறி எங்கள் வளவு வீட்டுக்கு வந்தன. விற்றது போக மிச்சம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், யாரோ ஓர் ஆச்சியின் பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரங்களோடு தூசி படிந்து கிடக்கிறது. பேரம் பேச அந்தத் தெரு. வேடிக்கை பார்க்கப் பல்லேடியம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கழிவறைகள் சுத்தமாக இருக்கின்றன, முழங்கால் வலிக்காரர்களுக்கு லிஃப்ட் இருக்கிறது. சாப்பாட்டுக்கு மட்டும் மகள் வீடுதான். நகரத்தில் 'செட்டிநாடு' என்று பலகை மாட்டிய கடை எதிலும் எனக்கு இதுவரை கல்பாசி வாசம் கிடைத்ததில்லை.

ஒரே ஒரு முறை ஏமாந்தேன். சென்னையில் ஒரு கடையில் வாங்கிய செருப்பின் அடிப்பாகம் மூன்றே மாதத்தில் வாயைப் பிளந்தது. பில் இருந்தால் மாற்றித் தருவோம் என்றார்கள். பத்திரமாக வைத்திருந்த பில்லை எடுத்து நீட்டினேன். எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத்தாளாக இருந்தது. கடைப்பையனும் நானும் அதை வெளிச்சத்தில் மாறி மாறித் தூக்கிப் பார்த்தோம். இப்போதெல்லாம் எதை வாங்கினாலும் கடை வாசலைத் தாண்டுமுன் பில்லைக் கைப்பேசியில் படம் எடுத்துவிடுகிறேன்.