சாட்டாவா, என்விஎம்இயா? தங்கச்சிமடத்து மேசையில் இரண்டு லேப்டாப்

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் இரண்டு லேப்டாப். ஒன்று தம்பிக்கு பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப், இன்னொன்று நான் வேலைக்கு வைத்திருப்பது. இரண்டுக்கும் ஒரே வாரத்தில் புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) மாட்டினேன். எஸ்எஸ்டி லேப்டாப்போடு பேசும் வழி இரண்டு: சாட்டா பழையது, என்விஎம்இ புதியது, வேகமானது. கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் இரண்டுக்கும் என்விஎம்இ வாங்கி ஒன்றை வீணடித்திருப்பேன்.

தம்பியுடையதில் இருந்தது 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க். ஆன் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். என்விஎம்இ மாட்டுவதற்கான எம்.2 ஸ்லாட்டே (பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) அதில் கிடையாது. எனவே அதே அளவு சாட்டா எஸ்எஸ்டிதான் வழி. ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி பக்கம் தரும், சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரை போகும். உண்மையில் இந்த ஐந்து மடங்கைவிட முக்கியமான விஷயம் வேறு. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும். ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொன்றுக்கும் ஊசி நகர வேண்டும், எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை. மாற்றியதும் தம்பி சொன்னது: "அண்ணே, புதுசு மாதிரி இருக்குண்ணே!"

என்னுடையதில் என்விஎம்இ. ஜென் என்பது தலைமுறை. ஜென் 3 என்றால் நொடிக்கு 3,500 எம்பி வரை, ஜென் 4 என்றால் 7,000 எம்பி வரை என்று அட்டையில் போட்டிருக்கும். பெரிய வீடியோ ஃபைல்களை நகர்த்துகிறவருக்கு அது உதவும். பிரவுசர், எக்செல், டேலி என்று ஓட்டுகிறவர் சாட்டாவுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஜென் 3 ஸ்லாட்டில் ஜென் 4 போட்டாலும் ஜென் 3 வேகம்தான். அந்தக் காசுக்கு 512 ஜிபியை 1 டிபி ஆக்கிக்கொள்வேன்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர். 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் உள்ள அதே பட்டையில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். சாட்டா பட்டையின் செருகும் முனையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு, என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. சில லேப்டாப் ஸ்லாட் ஒரு வகையை மட்டுமே ஏற்கும். வாங்குமுன் மாடல் எண்ணைப் போட்டு மேனுவலைப் பாருங்கள்.

கழற்றுவதில் சாட்டாவே சுலபம். தம்பியுடையதில் அடியில் சின்ன மூடி, இரண்டு ஸ்க்ரூ, டிஸ்க்கைப் பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். என்னுடையதில் அடிப்பலகை முழுவதையும் எடுக்க வேண்டியிருந்தது. பத்து ஸ்க்ரூவில் இரண்டு துரு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தையே தின்ற உப்புக்காற்று இதை விட்டுவைக்குமா? போதாக்குறைக்கு, முன்பு ராமநாதபுரத்தில் சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் பொருந்தாத ஸ்க்ரூடிரைவரைப் போட்டு ஒன்றின் தலையை மழுக்கியிருந்தார்கள். அகலமான ரப்பர் பேண்டைத் தலைமேல் வைத்து, பிஹெச்0 (சின்ன கூட்டல்குறி முனை) ஸ்க்ரூடிரைவரை நேர்செங்குத்தாக அழுத்தித் திருப்பியபோது அசைந்தது. மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. எஸ்எஸ்டியின் தங்க நிற முனைகளை விரலால் தொடாதீர்கள், வியர்வையும் உப்புதான்.

குளோனா (பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுப்பது), புது விண்டோஸா? தம்பியுடையதில் தேவையில்லாதது நிறைய சேர்ந்திருந்ததால் புதிதாகவே போட்டேன். என்னுடையதைக் குளோன் செய்தேன். ஸ்லாட் ஒன்றுதான் என்பதால் புது எஸ்எஸ்டியை யுஎஸ்பி உறையில் வைத்து நகலெடுத்துவிட்டு, பிறகு உள்ளே மாட்டினேன். பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டும் வசதி) இருந்தால் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வையுங்கள். மின்வாரியப் பராமரிப்பு நாளில் இதைத் தொடவே வேண்டாம், பேட்டரி செத்த லேப்டாப் என்றால் பாதியில் போய்விடும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். தம்பியுடையதை உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். அம்மா அதை எடுத்துக் கருவாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். இப்போது சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பிஸ்கட் டின்னில் இருக்கிறது.